காடாத் துணியில் வடித்த ஆயில்

அருப்புக்கோட்டை டவுன் எல்லையைத் தாண்டி, தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்ஸின் பை. நல்ல வெயில். பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றால் நிறுத்தத்தில் மில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நடப்பது மேல் என்று பட்டது. நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு நடந்துதான் போயிருக்கிறேன். காரியாபட்டியில் புரோட்டாக்கடை, பிறகு போர் போடும் லாரி, அந்த லாரி டிரைவர் அசந்த நேரங்களில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகியதில் ஒரு வேன், கடைசியாக ஒரு கார்.

விட்டு வந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் கார் ஓட்டிக்கொண்டிருந்த மில் அம்மா யாரையாவது என் பின்னால் அனுப்பியிருப்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. சீமைக் கருவேல நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. ஆடு மேய்க்கிறவனைக் காணோம். அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஒரு நிமிடம் நின்று தேடினேன். அவரோடு இருந்த மாதங்களில் எனக்கு ஒட்டிக்கொண்ட சீக்கு அது.

அவருக்கு அருப்புக்கோட்டையில் ஓர் எண்ணெய் மில் இருந்தது. கடலையும் எள்ளும் ஆட்டுவார்கள். தகப்பனார் வைத்துவிட்டுப் போன மில். ஊரில் மில்லம்மா என்பார்கள். நரைத்த தலையை இறுக்கி முடிந்து, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். தான் மணி பார்ப்பது மற்றவருக்குத் தெரியக்கூடாதாம். யார் எதைச் சொன்னாலும் "அப்படியும் இருக்கலாம்" என்பார். கடலை காய்ந்துவிட்டது என்றாலும் அதுதான், பாட்டரி இறங்கிவிட்டது என்றாலும் அதுதான். ஒருநாள் நனைந்து சொட்டச் சொட்ட உள்ளே ஓடி, "மழை பிடிச்சிருச்சும்மா, கடலையை அள்ளணும்" என்றேன். "அப்படியும் இருக்கலாம்" என்று சொல்லி, எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். அதற்குள் முற்றத்துக் கடலை பாதி நனைந்துவிட்டது.

கடைசியில் அவர் எதையும் நாக்கில்தான் முடிவு செய்வார். மில்லில் இறங்கும் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு சொட்டு. பால்காரன் பாலில் ஒரு சொட்டு. சர்ச்சில் திருவிருந்துக்குக் கொடுக்கும் திராட்சைச் சாற்றைக்கூட வாயில் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்து, ஆராதனை முடிந்து காரில் ஏறியதும், "இந்த மாசம் தண்ணி கூடப் போச்சு" என்றார். போதகர் நல்ல மனிதர். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தை நான் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

மில்லில் மூடை தூக்கும் சோலைதான் எனக்கு அங்கே கூட்டு. அவன் சொன்னான்: "ஏலே, இவுக அப்பா அந்தக் காலத்துல கடலை எண்ணெயில என்னத்தையெல்லாம் ஊத்துனாருன்னு எங்கய்யா சொல்லுவாரு. சின்னப் பிள்ளையில அதைப் பாத்து வளந்தவுக. அதான் ஊர்ல எவன் டின்னைத் தொறந்தாலும் கலப்படமாத் தெரியுது."

"இப்ப இங்க கலக்குதா?"

"அதை ஏன் என்ட்ட கேக்குற? உன்னைய அவுகதான் கேக்கச் சொன்னாகளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த மில்லில் எல்லோரும் அப்படித்தான் ஆகியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஊரில் அம்பாசடரும் சின்ன மாருதியும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவரிடம் இருந்தது ஜப்பான் கார். அவர் கணவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து, ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. வந்த வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் ஆசை ஆசையாக ஓட்டியது ஒரே ஒரு மழைக்காலம். பின்சீட்டு ஓரத்தில் அவருடைய கைக்குட்டை ஒன்று மடித்தபடி கிடக்கும். அதை எடுத்துத் துவைக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. அம்மா ஏறியதும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

என்னை வேலைக்கு எடுத்த விதம் இது: திருச்சுழிக்கு ஓட்டச் சொன்னார். குண்டாற்றுப் பாலம் தாண்டியதும் இறங்கிக்கொண்டு, "கோயில் பக்கம் ஒரு ஆளைப் பாத்துட்டு வாரேன், இங்கேயே இரு" என்று போனார். நான் வேப்ப நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த வளையல்கடைக்குள் நின்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்தவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சரி, நாளையிலிருந்து வா." அன்றிலிருந்து தினமும் காலையில் பானெட்டில் கை வைப்பார். இரவில் நான் யாருக்காவது சவாரி அடித்திருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடுமாம். சித்திரை வெயிலில் காலையிலேயே எல்லாத் தகரமும் சுடும். அந்த மாதம் முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் அவரை வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. ஒருமுறை எனக்கு விஷக்காய்ச்சல். மில்லின் சாக்கு அறையில்தான் படுக்கை. எழுந்திருக்க முடியவில்லை. அவரே கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு நீட்டுவதற்கு முன்னால் ஒரு வாய் தான் குடித்து, விழுங்கியதைக் காட்டுவதுபோல் வாயைத் திறந்து காட்டினார். "ஒண்ணும் கலக்கலை. குடி." நான் சந்தேகப்படவே இல்லை என்றேன். "படணும்ய்யா. யாரு குடுத்தாலும் படணும்" என்று சொல்லி, கஞ்சி தீரும்வரை இருந்துவிட்டுப் போனார். ஊரெல்லாம் தன்னைப் போலவே இருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கார் கெட்ட கதைக்கு வருகிறேன். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. உள்ளூர்க் கடையில் வாங்க மாட்டார். லாரிகளில் வடித்த பழைய ஆயிலைக் காய்ச்சித் தெளியவைத்து, புது டின்னில் அடைத்து விற்கிறார்கள் என்று சொல்வார். அப்படி விற்கிறவர்கள் இருந்தார்கள், அது பொய்யில்லை. மதுரைக்குப் போய் சீல் வைத்த டின் வாங்கினோம். மில் முற்றத்தில் அவர் முன்னால்தான் சீலை உடைக்க வேண்டும். உடைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், துப்பினார்.

"இதுல பழசு கலந்திருக்கு."

"எஞ்சின் ஆயிலை நக்கிப் பாத்தா எப்படிம்மா தெரியும்?"

"எண்ணெயின்னா எல்லாம் எண்ணெய்தான். வடிச்சிரு."

மில்லில் ஆட்டிய எண்ணெயைக் காடாத் துணியில் வடிப்பார்கள். மண்டி துணியில் நின்றுவிடும். அதேபோல இதையும் வடிக்கச் சொன்னார். பழைய வடிதுணியில் கடலை எண்ணெய் வாடை இருக்கும் என்று நெசவுத் தெருவிலிருந்து புதுக் காடா வாங்கி வரச் செய்தார். நெசவில் போட்ட கஞ்சிகூடப் போகாத துணி. நாலு மூலைக்கு நாலு பேர் பிடிக்க, ஆயில் தேன் மாதிரி இறங்கியது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்றேன். "இந்தக் காருக்கு இங்க கிடைக்கிறதெல்லாம் போலி" என்று, சிங்கப்பூரிலிருந்து வந்த அதே ஃபில்டரை மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கிக் கழுவி மாட்டச் சொன்னார். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் இதேதான். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சுத்தம் செய்வதில் என்ன கெடுதல் வரும்?

வந்தது. முதலில் இழுவை குறைந்தது. குண்டாற்றுப் பாலத்து ஏற்றத்தில் மாட்டுவண்டி மாதிரி ஏறியது. பிறகு நின்ற இடத்தில் நடுக்கம், குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி. ரயில்வே கேட்டில் காத்து நின்றால் தானாக அணைந்துவிடும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. அம்மா முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டார். "அந்த லைட்டு பொய் சொல்லுது" என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். நடுக்கத்துக்குப் பிளாஸ்திரி ஒட்ட முடியவில்லை. அதனால் அடுத்து என்னைச் சந்தேகப்பட்டார்.

நான் நல்ல ஆயிலை வடித்து விற்றுவிட்டு, லாரி ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறேனாம். இதை என்னிடம் நேராகக் கேட்கவில்லை. பெட்ரோல் பங்கில் சொன்னார். சர்ச்சில் சொன்னார். கடலை வியாபாரிகளிடம் சொன்னார். சாயந்திரத்துக்குள் டீக்கடையில் எனக்கு டீ தரும் கை கொஞ்சம் தயங்கியது. வேறு வேலை தேடலாம் என்று காரியாபட்டியில் ஒரு வேன்காரரைப் போய்ப் பார்த்தேன். முன்பு என்னை வா வா என்று கூப்பிட்டவர். "அந்த ஆயில் விவகாரம் ஒரு முடிவுக்கு வரட்டுமேய்யா" என்றார். எனக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது. வண்டிச் சாவியை நம்பிக் கொடுப்பார்கள் என்பது ஒன்றுதான் இருந்தது. அது போனால் திரும்பவும் போர் லாரியில் பைப் தூக்க வேண்டும். அதற்கும்கூடத் திருடனை எடுக்க மாட்டார்கள்.

"மதுரையில சிங்கப்பூர் கேரேஜ்ல வேலை பாத்துட்டு வந்த மெக்கானிக் ஒருத்தர் இருக்காரும்மா. அங்க கொண்டுபோவோம். என் மேல தப்புன்னா அங்கேயே போலீஸைக் கூப்பிடுங்க" என்றேன்.

"அவன் உனக்கு வேண்டியவனா?"

"முகத்தைக்கூடப் பாத்ததில்லை."

"அப்படியும் இருக்கலாம்" என்று கிளம்பினார்.

அந்த மெக்கானிக் வாய் ஓயாத ஆள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, கட்டைவிரல் தடிமனில் ஒன்றைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டினார். "இதாங்கக்கா சோலனாய்டு. உங்க வண்டிக்குச் சீக்கு இங்கதான்."

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். எஞ்சினுக்குள் காற்றை விடவும் புகையைத் தள்ளவும் வால்வுகள் உண்டு. சாதாரண எஞ்சினில் அவை திறக்கிற நேரம் ஒன்றுதான். ஊர்ந்தாலும் பறந்தாலும் மாறாது. இந்தக் காரில் ஓட்டத்துக்குத் தக்கபடி அந்த நேரம் முன்னும் பின்னும் நகரும். நகர்த்துவது எஞ்சின் ஆயிலேதான். வால்வைத் திறக்கும் தண்டின் நுனியிலுள்ள பல்சக்கரத்துக்குள் ஆயில் அழுத்தத்தோடு புகுந்தால் தண்டு கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ஆயில் போகலாமா கூடாதா என்று பார்க்கும் வாசல்காரன்தான் இந்தச் சோலனாய்டு. உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஓர் ஊசி, ஒரு ஸ்பிரிங். கரண்டு வந்தால் சுருள் காந்தமாகி ஊசியை இழுக்கும், வழி திறக்கும். கரண்டு நின்றால் ஸ்பிரிங் தள்ளும், வழி மூடும். சில வண்டியில் சுருள் கருகிப்போகும், சிலதில் வயர் அறுந்துபோகும். பெரும்பாலும் ஆயிலில் வரும் அழுக்குதான் அதைக் கொல்லும்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். "சுருளு உசுரோடதான் இருக்கு." பாட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்துத் தொட்டார். "இப்ப டக்குன்னு சத்தம் கேக்கணும்." உம்மென்று ஒரு முனகல்தான் கேட்டது. "ஊசி பாதியில சிக்கி நிக்குது. தொறக்கவும் மாட்டேங்குது, மூடவும் மாட்டேங்குது. அதான் ஏத்தத்துல இழுக்கலை, நின்னா நடுங்குது."

ஆயில் நுழையும் இடத்தில் கொசுவலை மாதிரி ஒரு சின்னச் சல்லடை. அதை இடுக்கியால் எடுத்தார். கருப்பு அல்வா மாதிரி அடைத்துப் போயிருந்தது. பெட்ரோலில் அலசினார். கருப்பு கரைந்ததும் உள்ளே பஞ்சும் நூலும் பந்தாகச் சுருண்டிருந்தன. ஒரு நூலை ஊசியில் கோத்துத் தூக்கிக் காட்டி, "என்னக்கா, எஞ்சினுக்குச் சேலை கட்டி விட்டீகளா?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. ஆயிலைத் துணியில் வடித்தோம் என்று நான்தான் சொன்னேன்.

"ஃபில்டரு இருக்கும்ல, அது என்ன செஞ்சுச்சு?"

"கழுவிக் கழுவி மாட்டினோம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது கழுவுற சாமானாய்யா? அது அடைச்சுக்கிட்டா எஞ்சின் பட்டினி கிடந்து செத்துரக் கூடாதுன்னு உள்ளேயே ஒரு பக்கவழி வச்சிருப்பான். ஃபில்டர்ல வடியாத ஆயிலு நூலோட சேந்து அந்த வழியா மேல ஏறிருக்கு. வடிச்சு வடிச்சே கெடுத்திருக்கீக. டின்னுல இருந்த ஆயில அப்படியே ஊத்தியிருந்தா இந்நேரம் வண்டி பறந்திருக்கும்."

அம்மா அந்த நூலை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார். நாக்கில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அது எந்தத் துணி நூல் என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நெசவு ஊரில் பிறந்தவர்.

எல்லாவற்றையும் அலசி, புது ஃபில்டர் மாட்டி, ஆயில் மாற்றி ஓடவிட்டதும் நடுக்கம் நின்றது. பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தேன், விளக்கும் அணைந்திருந்தது. திரும்பும் வழியில் வண்டி தண்ணீரில் போவதுபோல் போனது. காரியாபட்டியைத் தாண்டினோம். பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அந்த நூலை அந்த மெக்கானிக்கே உள்ள வச்சிருப்பானோ?"

"நீங்க பக்கத்துல நின்னுதானம்மா பாத்தீக."

"அப்ப துணிக்காரன்தான் ஏமாத்திட்டான். பஞ்சு கூடுன நூலு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அதுவரை அவர் சொல்லாமல் நான் நிறுத்தியதே இல்லை.

"அம்மா, ஊர்ல சொன்னதை ஊர்லயே மாத்திச் சொல்லணும்."

"நான் என்ன சொன்னேன்? உன்னைத் திருடன்னு சொன்னேனா? சந்தேகம்னுதான் சொன்னேன்."

"சந்தேகம்னு நீங்க சொன்னா ஊருக்குத் திருடன்னுதாம்மா கேக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை எடுத்தேன். ஊர் வந்ததும் சாவியை அவர் மேஜையில் வைத்து, மறுநாள் கணக்கு முடித்துக்கொள்கிறேன் என்றேன். இரு என்று சொல்லவில்லை. வேறு யாரிடம் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் கிளம்பினேன். மில்லை விட்டுப் போகிறவர்களின் பையை அம்மா ஆபீஸ் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் சோதிப்பார். எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அன்றைக்கு அறைக்கு வெளியே வந்தார். முற்றத்தையும் தாண்டி, கேட்டையும் தாண்டி, தெருவுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு நேரம். லோடுமேன்கள் எல்லாம் வாசலில் இருந்தார்கள். கடலை வண்டிகள் நின்றன. பங்கில் வேலை பார்ப்பவன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான்.

"பையைக் குடு."

வாங்கித் தெருவிலேயே கவிழ்த்தார். ஒரு வேட்டி, இரண்டு சட்டை, சோப்பு டப்பா, சீப்பு, என் சொந்த ஸ்பானர் ஒன்று. சட்டைகளை உதறினார். சோப்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க" என்று, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சொன்னார். "இவன்ட்ட ஒண்ணுமில்லை. நான் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லை."

பிறகு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைகளை நான் மடித்திருந்ததைவிட நன்றாக மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு நடந்தேன். என்ன பழி வாங்குகிறது இந்த அம்மா என்று பந்தல்குடி வரும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

பந்தல்குடியில் லாரிகள் நிற்கும் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்தேன். காலையில் ஒரு லாரிக்காரர் கரி லோடோடு நின்று, வராத டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஓட்டுவேன் என்றேன்.

"இதுக்கு முன்னால யார்ட்ட இருந்தீரு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அருப்புக்கோட்டையிலிருந்து மணிக்கொரு பஸ் வருகிற ஊரில் பொய் எத்தனை நாள் நிற்கும்? "மில்லம்மாட்ட" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இரும்யா. நேத்து நடுத்தெருவுல பையக் கொட்டிப் பாத்தாகன்னு சொன்னாங்களே, அது நீரா?"

"ஆமா."

"ஒண்ணுமில்லைன்னு சொன்னாகளாமே? அவுக வாயாலயா?"

"அவுக வாயாலதான்."

அவர் டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க மாமனாரு ஆயுசு பூராவும் அவுகளுக்குக் கடலை போட்டாரு. ஒரு மூடையக்கூட நல்ல மூடைன்னு சொல்லி வாங்குனதில்ல. அவுகளே தெருவுல நின்னு சொல்லிட்டாகன்னா இதுக்கு மேல நான் எந்த ஸ்டேஷன்ல போய் விசாரிக்க? ஏறும்யா, தூத்துக்குடி."

கதவைச் சாத்திக்கொண்டு கொட்டியிருந்தால் இவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதற்காகத்தான் அம்மா தெருவுக்கு வந்தாரா, இல்லை தெருவில் வைத்தாவது எதையாவது பிடித்துவிடலாம் என்று வந்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஒரு காலைப் படியில் வைத்தவன் இறங்கிவிட்டேன். "அண்ணாச்சி, கிளம்புறதுக்கு முன்னால டேங்குல குச்சி விட்டு டீசல் எவ்வளவு இருக்குன்னு பாத்திருவோம்."

அவர் முகம் சுருங்கியது. "என்னய்யா, வண்டி ஏறும் முன்னாலயே என்னையச் சந்தேகப்படுறீரா?"

"உங்களை இல்ல. போய் இறங்குறப்ப நீங்க என்னைய சந்தேகப்பட்டுறக் கூடாதுல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரே போய் வேலியில் ஒரு குச்சியை ஒடித்து, முள்ளைச் சீவிக்கொண்டு வந்தார். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தோம். ஈரம் ஏறியிருந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்தார். டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, குச்சியை சீட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.